பகிர்ந்த கணக்கு ஏட்டில் எண் மாறுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாம்பனில் எங்கள் ஒன்பது படகுகளின் கணக்கும் ஒரே கூகுள் ஷீட்டில் ஓடுகிறது. டீசல், ஐஸ், மீன்பாடு, ஏல விலை, முன்பணம், பங்கு எல்லாம் அதில்தான். கரையில் கணக்குப்பிள்ளை எழுதுவார், ஏலம் நடக்கும் இடத்தில் இன்னொருவர் எழுதுவார், படகு டிரைவர் தன் போனிலிருந்து எழுதுவார். இரண்டு வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வந்து நிற்பார்: "தம்பி, நான் போட்ட எண்ணு மாறிக் கிடக்கு." அப்படி வந்தவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்பு இது. உங்கள் ஏட்டில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணத்தை முதலில் சொல்லியிருக்கிறேன். செலவு வைப்பது கடைசியில்.

அதற்கு முன் இரண்டு விஷயம்.

எண் மாறியிருப்பதைப் பார்த்த சூட்டில் கூட்டாளியிடம் வாய்விட்டுவிடாதீர்கள். நான் பார்த்தவற்றில் ஒன்றில்கூட யாரும் வேண்டுமென்று மாற்றியிருக்கவில்லை. ஆனால் சொன்ன சொல் நின்றுவிடுகிறது. பங்குத் தொழிலில் அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது, போன் சரியில்லை என்று நினைத்து ஷீட்ஸ் செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். கூகுள் கணக்கிலிருந்து லாக் அவுட் செய்யாதீர்கள், "கிளியர் டேட்டா" தட்டாதீர்கள். இணையம் இல்லாத நேரத்தில் எழுதியது மேலே ஏறும்வரை அந்தப் போனில் மட்டும்தான் இருக்கும். மேலே சொன்ன மூன்றில் எதைச் செய்தாலும் அது போய்விடும், அப்புறம் யாராலும் எடுத்துத் தர முடியாது.

## அறிகுறி 1: நான் எழுதியது எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை

### போனில் டேட்டா ஓடுகிறதா?

முதலில் பார்க்க வேண்டியது ஷீட் அல்ல, போன். கணினியில் என்றால் ஏட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேகப் படம் இருக்கும். அதைத் தொட்டால் எல்லாம் சேமிக்கப்பட்டதா, ஆஃப்லைனில் ஓடுகிறதா என்று சொல்லிவிடும். போனில் வேறு ஏதாவது ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். வைஃபை குறி முழுதாக எரிந்தும் உள்ளே இணையம் வராமல் இருப்பது கரண்ட் போய் வந்த நேரங்களில் சகஜம். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று உண்டு. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் கம்பி நிறைந்து நிற்கும், மேலே ரோமிங் குறி இருக்கும், டேட்டா ஒரு சொட்டுக்கூட வராது. இலங்கை மணியும் நம் மணியும் ஒன்று என்பதால் கடிகாரத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. சிம் அமைப்புக்குள் போய் நெட்வொர்க்கைத் தானாகத் தேடுவதை நிறுத்திவிட்டு, நம் கம்பெனியின் பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள். ரோமிங் டேட்டாவை மட்டும் போட்டுவிடாதீர்கள், பில் தாங்காது.

### அதே ஏட்டில்தான் இருக்கிறீர்களா?

டேட்டா சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் இதுதான். இருவரும் தத்தம் போனைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் ஒரு காலியான கட்டத்தில் "சோதனை" என்று எழுதட்டும். இரண்டு நொடியில் மற்றவர் திரையில் வராவிட்டால், நீங்கள் பார்ப்பது இரண்டு வெவ்வேறு ஏடு. அறிகுறி 5-க்குப் போங்கள்.

### எழுத அனுமதி இருக்கிறதா?

பென்சில் குறி இல்லாமல் "வியூ ஒன்லி" என்று நின்றால், உங்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும்தான். அல்லது ஒரே போனில் இரண்டு ஜிமெயில் இருந்து, ஏடு தவறான கணக்கில் திறந்திருக்கும். மகள் படிப்புக்காகப் போட்ட ஜிமெயிலில் அப்பாவின் படகுக் கணக்கு திறக்காமல் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். வலது மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றினால் போதும்.

## அறிகுறி 2: எழுதிய எண் பிறகு வேறாகிவிட்டது

இதுதான் சண்டை வரும் இடம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு படகில் டீசலுக்கு 8,000 கொடுத்ததாகக் கணக்குப்பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு எழுதினார். காலையில் பார்த்தால் 6,500. அவர் டிரைவரிடம் கேட்டார், டிரைவர் "நான் தொடவே இல்லண்ணே" என்றார். இருவரும் நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார்கள். கணினியில் அந்தக் கட்டத்தின் வரலாற்றைத் திறந்தேன். 6,500 என்று மாற்றியது டிரைவரின் கணக்கு, நேரம் அதிகாலை 4:40. டிரைவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதற்கு வீடே சாட்சி.

நடந்தது இது: முந்தின நாள் மதியம் தனுஷ்கோடிப் பக்கம் டேட்டா இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, அப்போதைக்குத் தெரிந்த தொகையான 6,500-ஐ அவர் போட்டிருக்கிறார். அது போனிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தும் டேட்டாவைப் போடவில்லை. அதிகாலையில் மகன் வைஃபையைப் போட்டதும், காத்திருந்த எண் மேலே ஏறி, இரவு எழுதிய 8,000-ஐ மூடிவிட்டது. இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் இரண்டு பேர் எழுதினால் கடைசியாகப் போய்ச் சேர்ந்த எண்ணே நிற்கும். எது முன்னால் எழுதப்பட்டது என்பது கணக்கில் வராது.

### யார், எப்போது என்று பார்ப்பது

கணினியில் ஏட்டைத் திறந்து, சந்தேகப்படும் கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து "ஷோ எடிட் ஹிஸ்டரி" என்பதை எடுங்கள். யார் மாற்றினார், எந்த நேரம், அதற்கு முன் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போகலாம். மூன்றையும் தாளில் குறித்துக்கொண்ட பிறகே பேச்சைத் தொடங்குங்கள். வரி செருகியதும் நீக்கியதும் இதில் வராது. சூத்திரம் கணக்கிட்டு மாற்றிய எண்ணும் வராது. அப்படிப்பட்ட மாற்றம் என்றால் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போக வேண்டும். எழுதும் உரிமை உள்ளவருக்குத்தான் இவை தெரியும்.

### பழைய எண்ணைத் திரும்ப எடுப்பது

இங்கேதான் பலரும் பெரிய தவறு செய்கிறார்கள். வெர்ஷன் ஹிஸ்டரியில் நேற்றைய நிலையைக் கண்டதும் "ரீஸ்டோர்" தட்டிவிடுகிறார்கள். அது ஒரு கட்டத்தை மட்டும் மாற்றுவதில்லை, ஏடு முழுவதையும் நேற்றைக்குக் கொண்டுபோய்விடும். அதற்குப் பிறகு மற்ற எட்டுப் படகுகள் எழுதியதும் கண்ணிலிருந்து மறையும். (பதறாதீர்கள். பிந்தைய நிலையும் வரலாற்றில் இருக்கும், அதையே திரும்ப ரீஸ்டோர் செய்யலாம்.) பழைய நிலையைத் திறந்து, வேண்டிய எண்ணைப் பார்த்து, இன்றைய ஏட்டில் கையால் எழுதுவதுதான் சரி. நிறைய எண்கள் போயிருந்தால் பழைய நிலையை மட்டும் தனிப் பிரதியாக எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து பெயர்த்து எழுதுங்கள்.

### மறுபடி நடக்காமல் இருக்க

செலவில்லாத வழி: ஒரு கட்டத்துக்கு ஒரே கை. டீசல் பத்தி (மேலிருந்து கீழாகப் போகும் நெடுவரிசை) கணக்குப்பிள்ளைக்கு, மீன்பாடு பத்தி டிரைவருக்கு, ஏல விலை ஏலக்காரருக்கு. "டேட்டா" மெனுவில் பாதுகாப்பு வரம்பு போட்டு, அந்தந்தப் பத்தியை அந்தந்த ஆளுக்கு மட்டும் திறந்து வைக்கலாம். இது அவநம்பிக்கை இல்லை என்பதை முதலிலேயே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். ஆளைக் காப்பாற்றுவதற்கான பூட்டு இது.

அடுத்த வழி: போட்ட எண்ணைத் திருத்தாமல், கீழே புது வரி சேர்ப்பது. 6,500 தவறென்றால் அதை அழிக்க வேண்டாம். "டீசல் திருத்தம், கூடுதல் 1,500" என்று இன்னொரு வரி. பழைய பேரேட்டில் அடித்து எழுதுவார்களே தவிர அழிக்க மாட்டார்கள், அதே முறைதான். இருவர் ஒரே கட்டத்தில் மோதும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

ஆள் கூடிவிட்டால் கூகுள் ஃபார்ம் போடுங்கள். அனுப்பும் ஒவ்வொன்றும் தனி வரியாக விழும். ஒரு குறை, அனுப்புகிற நேரத்தில் டேட்டா இருந்தே ஆக வேண்டும்.

## அறிகுறி 3: எண்கள் இருக்கின்றன, ஆனால் படகு மாறி நிற்கின்றன

ஒரு படகின் மீன்பாடு இன்னொரு படகின் பெயருக்கு நேரே நின்றால், யாரோ ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியிருக்கிறார். பெயர் இடத்திலேயே இருக்க, எண் மட்டும் இறங்கி ஏறிவிட்டது. அந்த நொடியே தெரிந்தால், செய்தவரே தன் கருவியில் "அன்டூ" தட்ட வேண்டும். உங்கள் அன்டூ உங்கள் வேலையை மட்டும்தான் திருப்பும், அவருடையதைத் தொடாது. நேரம் கடந்திருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரிதான். இதில் மட்டும் ரீஸ்டோர் செய்வது பெரும்பாலும் சரியான முடிவு, ஏனென்றால் கலைந்த பத்தியைக் கையால் அடுக்கினால் தப்பு வரும். ரீஸ்டோருக்கு முன் எல்லோரையும் எழுதாமல் நிறுத்திவையுங்கள். கலைந்த பிறகு யார் என்ன எழுதினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதி வரிகள் காணவில்லை என்றால் பதற்றம் வேண்டாம். வரி எண்களைப் பாருங்கள். 14-க்குப் பிறகு 22 என்று தாவியிருந்தால் யாரோ ஃபில்டர் போட்டிருக்கிறார். சாதாரண ஃபில்டர் ஒருவர் போட்டாலும் எல்லோருடைய திரையிலும் விழும். தனக்கு மட்டும் பார்க்க "ஃபில்டர் வியூ" என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைப் பழக்கிவிடுங்கள்.

## அறிகுறி 4: கூட்டுத்தொகை குறைகிறது

ஏட்டில் எல்லா எண்ணும் இருக்கிறது, கையால் கூட்டினால் ஒன்று, ஷீட் காட்டுவது இன்னொன்று.

### எண்ணா, எழுத்தா?

எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டும், எழுத்து இடது ஓரத்தில் ஒட்டும். பத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள். இடது ஓரம் ஒட்டியவற்றைக் கூட்டல் சேர்க்காது. "42 கிலோ" என்று எழுதினால் அது எழுத்து. 42 மட்டும் போடுங்கள், கிலோ என்பது பத்தியின் தலைப்பில் இருக்கட்டும். முக்கால் கிலோவை 3/4 என்று எழுதினால் ஷீட் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். 0.75 என்று எழுதுங்கள்.

### மீன் பெயர் ஒன்றுதானா?

மீன் வாரியாகக் கூட்டும்போது மட்டும் குறைந்தால், பெயரில்தான் கோளாறு. ஒருமுறை கொடுவாக் கணக்கில் மூன்று நாள் பாடு சேரவே இல்லை. திரையில் எல்லாம் "கொடுவா"தான். லென் என்ற சூத்திரத்தைப் போட்டு எழுத்து எண்ணிக்கையைப் பார்த்தேன். கொடுவாவுக்கு 6 வர வேண்டும்: க, ொ, ட, ு, வ, ா. சில வரிகளில் 7 வந்தது. ஏழாவது ஒரு வெற்று இடம். போன் விசைப்பலகை காட்டும் சொல்லைத் தட்டினால் அது பின்னால் ஓர் இடைவெளியையும் சேர்த்து வைக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஷீட்டுக்கு அது வேறு மீன்.

"டேட்டா" மெனுவில் சுத்தம் செய்யும் பகுதிக்குள் "ட்ரிம் ஒயிட்ஸ்பேஸ்" இருக்கிறது. பத்தியைத் தேர்ந்தெடுத்து அதைத் தட்டினால் இடைவெளி போகும். போன பிறகும் 7 காட்டினால், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டியதாக இருக்கும். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக வர வேண்டிய "ொ", தனித்தனி இரண்டு குறியாக உள்ளே கிடக்கும். "ௌ" போட வேண்டிய இடத்தில் கொம்பும் "ள"வும் போட்டிருப்பதும் இதே வகைத் தொல்லை. அதை அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்வதுதான் வழி.

நிரந்தரத் தீர்வு டிராப்டவுன். கொடுவா, சீலா, பாறை, ஊளி, நெத்திலி, சூடை, கணவாய் என்று பட்டியலை ஒருமுறை போட்டுவிட்டால், யாரும் தட்டச்சு செய்யாமல் தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் ஏட்டில் நான் செய்த வேலைகளில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

### தேதி சரியா?

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாத மே 7-ஆம் தேதியில் ஒரு விசைப்படகின் மீன்பாடு பதிவாகி இருந்தது. எழுதியவர் போட்டது 05/07/2025, அதாவது ஜூலை 5, சனிக்கிழமை, தொழிலுக்குப் போகும் நாள். ஏட்டின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்ததால் ஷீட் அதை மே 7 என்று எடுத்துக்கொண்டது. அதே ஏட்டில் 15/06/2025 என்று எழுதியது இடது ஓரம் ஒட்டிக் கிடந்தது, 15-ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே.

ஃபைல் மெனுவில் "செட்டிங்ஸ்" போய் "லோகேல்" என்ற இடத்தில் இந்தியாவை வையுங்கள். இது ஏட்டுக்கு ஏடு தனி; ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. ஏற்கெனவே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தேதிகள் தானாகத் திருந்தாது. அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத வேண்டும். நாள் 12 அல்லது அதற்குள் இருக்கும் தேதிகளில்தான் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். அவற்றை முதலில் பாருங்கள்.

## அறிகுறி 5: ஒரே ஏடு இரண்டு மூன்றாகிவிட்டது

வாட்ஸ்அப்தான் காரணம். யாரோ லிங்க் அனுப்பாமல் எக்ஸெல் கோப்பாக இறக்கி அனுப்பிவிட்டார். அதைத் திறந்தவர் எழுதுவது அவர் போனில் கிடக்கும் பிரதியில். ஏட்டின் பெயரருகே எக்ஸெல் குறி இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

எல்லோரும் தத்தம் ஏட்டின் கடைசி வரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எது தாய் ஏடு என்று முடிவு செய்துவிட்டு, மற்றவற்றில் அதிகமாக இருக்கும் வரிகளை மட்டும் அதில் சேர்க்கவும். மொத்தமாக வெட்டி ஒட்ட வேண்டாம், இரட்டை வரி விழும். பிரதிகளை உடனே அழிக்காமல், பெயருக்கு முன் "பழையது" என்று சேர்த்து ஒரு மாதம் வைத்திருங்கள். தாய் ஏட்டின் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவின் விவரக் குறிப்பிலேயே போட்டுவிடுங்கள். தேடிப் பிடிக்க முடியாதபோதுதான் ஆட்கள் கோப்பைக் கேட்கிறார்கள்.

## அறிகுறி 6: திடீரென்று யாராலும் எழுத முடியவில்லை

ஏட்டின் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் போய் விழுகிறது. சொந்தக்காரர் கணக்கு நிரம்பி வழிந்தால், மற்றவர் போனில் எவ்வளவு இடம் இருந்தாலும் அந்த ஏட்டில் எழுத முடியாமல் போகும். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்ப்பதை நிறுத்துங்கள், பெரிய வீடியோக்களை அழியுங்கள், குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். ஆனால் டிரைவின் குப்பைத் தொட்டியைக் காலி செய்யும் முன், கணக்கு ஏடு ஏதும் அதில் விழுந்து கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படியும் போதாவிட்டால்தான் மாதக் கட்டணம் கட்டி இடம் வாங்குவது.

படகுக் கணக்குக்கென்று தனி ஜிமெயில் ஒன்று தொடங்கி, ஏட்டை அதன் பெயருக்கு மாற்றிவிடுவது நல்லது. எந்த ஒருவருடைய குடும்பப் படங்களாலும் கணக்கு நிற்காது.

## அறிகுறி 7: ஏடு திறக்கவே நேரமாகிறது

வருடக் கணக்கை ஒரே ஏட்டில் குவிக்காதீர்கள். தடைக்காலம் முடிந்து தொழில் தொடங்கும் ஜூன் 15-இல் புது ஏடு தொடங்குங்கள், பழையதைப் பார்க்க மட்டும் வைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஏட்டையே யாரோ அழித்துவிட்டால், சொந்தக்காரர் கணக்கின் டிரைவ் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அதுவரை நீங்களே எடுத்துவிடலாம். அதைத் தாண்டியிருந்தால் உடனே விவரம் தெரிந்தவரிடம் போங்கள், ஒவ்வொரு நாளும் வாய்ப்பு குறைகிறது.

உங்கள் குழுவில் இல்லாத ஒரு பெயர் எடிட் ஹிஸ்டரியில் தெரிந்தால், அன்றைக்கே "லிங்க் உள்ள யாரும் எழுதலாம்" என்பதை நிறுத்திவிட்டு, பெயர் பெயராக அனுமதி கொடுங்கள். குழுவிலுள்ள ஒருவரின் கணக்கே, அவர் தொடாமல், நாள்தோறும் எதையாவது மாற்றுகிறது என்றால் அது பாஸ்வேர்ட் போன விஷயம். பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். சரிசெய்து தருகிறேன் என்று பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கேட்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

இணையம் இல்லாமல் எழுதிய வரி மேலே ஏறாமல் போன் உடைந்துவிட்டால், அல்லது கடல் தண்ணீரில் விழுந்துவிட்டால், அதை இயக்கிப் பார்க்காமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். போனைச் சரிசெய்து தந்தாலே போதும், ரீசெட் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். பல கடைகளில் முதலில் செய்வதே அதுதான்.

பாதுகாப்பு வரம்பும் போட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு கை என்றும் பழகி, ஃபார்மும் வைத்த பிறகும் மாதம் இரண்டு முறை கணக்கு இடித்தால், ஷீட் உங்களுக்குச் சிறியதாகிவிட்டது என்று பொருள். அப்போது கணக்கு மென்பொருள் எழுதுபவரைப் பார்க்கலாம். போகும்போது இடித்த ஒவ்வொரு வரியின் எடிட் ஹிஸ்டரி படத்தையும் கையில் கொண்டுபோங்கள். டேட்டா இல்லாத இடத்தில் எழுதுவதுதான் நம் முதல் தேவை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்காமல் விலை சொல்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.